காபிக்காகவா காணிக்கை?

மயிலாடிக்காரன்: "ஜெர்மனியில் மாணவர் ஊழியம் செய்கிறவர்கள் காபி குடிக்க நாம் ஏன் காணிக்கை அனுப்ப வேண்டும்?" என்று தக்கலை நண்பர் நேற்று எழுதியதைப் படித்து இரவெல்லாம் தூக்கமில்லை. என் தங்கை மகன் அங்கேதான் பல்கலைக்கழக மாணவர்களிடையே அந்த ஊழியத்தைச் செய்கிறான். அவனுக்கு எந்தச் சபையும் சம்பளம் தருவதில்லை. சில குடும்பங்கள் மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று தாங்குகின்றன. கிறிஸ்துமஸ் விடுமுறையில் விடுதியே காலியாகும். ஊருக்குப் போகப் பணமில்லாத வெளிநாட்டுப் பிள்ளைகள் மட்டும் இருப்பார்கள். அவர்களைத் தன் அறைக்கு அழைத்துச் சோறும் ரசமும் போடுகிறான். இது வீண் செலவா?

தக்கலை வாசகன்: ரசத்தைப் பற்றி யார் கேட்டது? தாங்குகிறவர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் உங்கள் தங்கை மகனே 'காபிச் செலவு 60 யூரோ' என்று எழுதியிருக்கிறார். எங்கள் உபதேசியார் மலையோரக் குடியிருப்புகளுக்குச் சைக்கிளில் போகிறார். டயர் மாற்றக் கையில் காசில்லை.

மயிலாடிக்காரன்: 60 யூரோ மூன்று மாதத்துக்கு! கடிதத்தை முழுதாகப் படியுங்கள். 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே யார்? ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்த நாட்டு மாணவர்களுக்கு நாம் செய்ய ஒன்றுமே இல்லையா?

கோட்டாறு: கிறிஸ்தவம் இங்கே 1806இலா தொடங்கியது? சவேரியார் 1544இலேயே நம் கடற்கரையில் திருமுழுக்குக் கொடுத்தார். அவரும் பாரிஸ் பல்கலைக்கழக மாணவர்தான். கூடப் படித்த, பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் பேசிப்பேசி அவர் மனத்தை மாற்றினார். 1534இல் பாரிஸின் மோன்மார்த்தர் குன்றில் அவர்கள் இருவரும் சேர்ந்து ஏழு பேர் கடவுளுக்கு வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். யாரும் காபிக்குக் கணக்கு எழுதவில்லை.

மயிலாடிக்காரன்: அதுதான் மாணவர் ஊழியம்! என் வாதத்தையே சொல்லிவிட்டு என்னிடமே சண்டைக்கு வருகிறீர்கள்.

கோட்டாறு: நான் உங்கள் பக்கம் பேசவில்லை. எங்கள் சவேரியாரை விட்டுவிட்டு வரலாறு எழுதாதீர்கள் என்கிறேன்.

நெய்யூர் ஆசிரியை: அண்ணாச்சி, 1838இல் எங்கள் ஊரில் மருத்துவ ஊழியம் தொடங்கியது நோயில் கிடந்த ஏழைகளுக்காக. பணக்கார நாட்டில் படிக்கிறவனுக்கு என்ன குறை?

மயிலாடிக்காரன்: தனிமை, டீச்சர். போன குளிர்காலத்தில் ஒரு பையன் நான்கு நாள் அறைக் கதவையே திறக்கவில்லை. தட்டித் தட்டித் திறக்கவைத்தது என் மருமகன்தான். பிறகு அவனை எங்கே கூட்டிக்கொண்டு போனான் தெரியுமா? காபிக் கடைக்கு.

தக்கலை வாசகன்: மறுபடியும் காபி! இருபது யூரோ என்றாலும் மாதம் இரண்டாயிரம் ரூபாய் வருகிறது. டயருக்குப் பதில் எங்கே?

மயிலாடிக்காரன்: டயரை நான் வாங்கித் தருகிறேன். போன வருடம் சபையார் கூடி உண்ணும் அசன விருந்தின் கணக்கைக் கேட்டதற்கு மூன்று மாதம் என்னோடு பேசாமல் இருந்தவர், இன்று ஒரு கோப்பைக்குக் கணக்குக் கேட்கிறீர்கள்.

தக்கலை வாசகன்: அசனத்தை இதில் இழுக்காதீர்கள். அதில் அரிசி மூட்டை எத்தனை வந்தது என்று உங்களுக்கும் தெரியும்.

மயிலாடிக்காரன்: ஒன்பது.

தக்கலை வாசகன்: ஏழு.

கோட்டாறு: சவேரியாரைப் பற்றி இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.