உமிச்சாம்பல் சிலிக்கா கருப்பாவே இருக்கு, இதுல நிக்கல் ஏத்தலாமா?

வைகைக்கரை:
வணக்கம், மதுரையில எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி ரெண்டாவது வருஷம், புராஜெக்ட் நிக்கல்-சிலிக்கா கேட்டலிஸ்ட் (சிலிக்கா மேல நிக்கல் ஏத்தி, வினைய வேகப்படுத்துற பொருள்). சிலிக்காவ உமில இருந்தே எடுக்கலாம்னு சோழவந்தான் பக்கம் ஒரு ரைஸ்மில்லுல பாய்லர் சாம்பல் ஒரு பை அள்ளிட்டு வந்தேன், ஆசிட்ல கொதிக்க வச்சு கழுவி பர்னஸ்ல 700 டிகிரில வச்சும் பாத்துட்டேன், வெளுக்கவே மாட்டேங்குது. இன்னொன்னு, நிக்கல் நைட்ரேட் பாட்டில் மூடி லூசா இருந்துருக்கு, ஐப்பசி மழைல கிரிஸ்டல் எல்லாம் நசநசன்னு ஒட்டிக் கெடக்கு. அப்படியே எடை போடலாமா? அடுத்த மாசம் ரிவ்யூ, சொல்லுங்க.

மேலூர்க்காரன்:
தம்பி, ஆசிட்ட எரிச்சப்புறம் போட்டுருக்க, எரிக்கிறதுக்கு முன்னாடி போடணும். உமில இருக்குற பொட்டாசியம் சூட்டுல சிலிக்காவ உருக்கி கரிய உள்ள வச்சு மூடிரும், அப்புறம் காத்து போக வழியில்ல, எவ்வளவு நேரம் சுட்டாலும் எரியாது. பாய்லர் சூட்டுக்கு சிலிக்கா படிகமா வேற மாறிருக்கும், சர்பேஸ் ஏரியா தேறாது. அத விட்டுட்டு எரிக்காத உமி வாங்கு. மண்ணு போக அலசி, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல ரெண்டு மணி நேரம் கொதிக்க விட்டு, கழுவி காயவச்சு, 600 டிகிரில நாலு மணி நேரம் வை. கிண்ணத்துல மெலிசா பரப்பு, குமிச்சுராத. 100 கிராம் உமிக்கு 15 கிராமுக்கு மேல கெடைக்கும். உமியோட வடிவம் கூட கலையாம வெள்ளை வெளேர்னு இருக்கும், விரல்ல நசுக்குனா பவுடராயிரும், பாக்கவே அவ்வளவு சந்தோஷமா இருக்கும்.

ஆய்வக அக்கா:
கழுவுற தண்ணிய மறந்துராதப்பா. நாங்க படிக்கிறப்போ டிஸ்டில்டு வாட்டர் பத்தலைன்னு போர் தண்ணில கழுவுனோம், ஆசிட்டோட குளோரைடு போயிருச்சான்னு பாக்க சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டா பால் மாதிரி வந்துக்கிட்டே இருந்துச்சு, ரெண்டு நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது குளோரைடு தண்ணிலயே இருக்குன்னு. குளோரைடு தங்குனா நிக்கல் துகள் ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாயிரும், ஆக்டிவிட்டி விழுந்துரும்.
நைட்ரேட்ட தூக்கிப் போட வேணாம், ஆனா எடைய நம்பாத. கணக்குப்படி 9 கிராம் சிலிக்கால 10 சதவீதம் ஏத்த 1 கிராம் நிக்கல், அதுக்கு ஆறு தண்ணி உள்ள நைட்ரேட் 4.95 கிராம். உன்னோடது ஈரம் குடிச்சிருக்கு, அதே எடைல நிக்கல் கம்மியாத்தான் இருக்கும். மொத்தமா கரைச்சு ஸ்டாக் கரைசல் போட்டு, அதுல நிக்கல் எவ்வளவுன்னு பாக்க அமோனியா விட்டு மியூரெக்சைடு (நிறம் மாறிக் காட்டுற இண்டிகேட்டர்) வச்சு இ.டி.டி.ஏ. (நிக்கல பிடிச்சுக்கிற கரைசல்) டைட்ரேஷன் பண்ணு, முடியுறப்போ மஞ்சள் ஊதாவா மாறும். அந்தக் கணக்க வச்சு மில்லிலிட்டர்ல எடு.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. நாளைக்கே மில்லுக்குப் போறேன்.

மேலூர்க்காரன்:
நிக்கல் ஏத்துனப்புறம் 110 டிகிரில ராத்திரி பூரா காயவச்சிட்டு சுடு, ஈரத்தோட வச்சா பொங்கிரும். நைட்ரேட் உடையுறப்போ செம்பழுப்புப் புகை வரும், ஹூட் (புகைய வெளிய இழுக்குற ஃபேன் வச்ச கூண்டு) ஓடாம பர்னஸ் பக்கமே போயிராத. க்ளவுஸ் கட்டாயம், நிக்கல் உப்பு கேன்சர் வரவைக்கிற சரக்கு.