பைக் டூல் கிட்டுக்கு எந்த ஸ்குரூடிரைவர் வாங்கலாம்?

வணக்கம் மக்களே. பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வச்சிருக்கேன். வண்டியிலயே வைக்க ஒரு ஸ்டார், ஒரு ஃபிளாட் ஸ்குரூடிரைவர் வேணும். பட்ஜெட் 500 ரூபாய்க்குள்ள.

போன வாரம் கார்புரேட்டரைக் கழட்டும்போது, பிளாட்பாரத்துல வாங்கின ஸ்டார் முனை மழுங்கிடுச்சு. கூடவே ஸ்குரூ தலையும் காலி! (மிச்சத்தை மெக்கானிக் அண்ணன்தான் உளி வச்சுத் தட்டி எடுத்தார்.) ஜப்பான் வண்டிகள்ல வர்றது ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) ஸ்குரூ, சாதாரண பிலிப்ஸ் (நாம ஸ்டார்னு சொல்றது) முனை அதுல சரியா உட்காராம வழுக்கும்னு அவர் சொல்லித்தான் தெரியும்.

டபாரியா கம்பெனியோட நம்பர் 2 சைஸ் ஸ்டார் போதுமா, இல்ல வெசல் மாதிரி ஜப்பான் டூல்தான் வாங்கணுமா? முனையைத் திருப்பிப் போடுற டைப் வேண்டாம், ஆடுது. பெட்ரோல் பட்டாலும் கைப்பிடி பிசுபிசுக்காம இருக்கணும். வருஷக்கணக்கா யூஸ் பண்றவங்க சொல்லுங்க.