புதுச்சேரியில் தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றினால் குழாய் சரியாகுமா?

லாஸ்பேட்டை_வாசி
எல்லா இணைப்புக்கும் ஒழுங்காக ஓடுகிற மீட்டர் வேண்டும். கட்டணத்தை ஏற்ற வேண்டும். வருகிற பணத்தைப் பழைய குழாய்களை மாற்ற மட்டுமே செலவழிக்க வேண்டும். இதுதான் என் கருத்து. குழாய்ப் பதிப்பு வேலையிலேயே காலம் தள்ளியவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

20 லிட்டர் கேன் முப்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரம் லிட்டருக்கு 1,500 ரூபாய் ஆகிறது. அதை முணுமுணுக்காமல் கொடுக்கிறோம். குழாயில் வருகிற ஆயிரம் லிட்டருக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டால் மறியலுக்கு உட்காருகிறோம். நம் நகரத்துக்கு ஆற்றிலிருந்தோ அணையிலிருந்தோ குடிநீர் வருவதில்லை. குடிப்பது நிலத்தடி நீர். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் வந்த நினைவாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. இன்றைக்கும் அந்தப் பக்கத்துப் போர்களை, அதாவது ஆழ்துளைக் கிணறுகளை விட்டால் நமக்குப் போக்கிடம் குறைவு. அதைக் காப்பாற்றக் காசு வேண்டாமா?

நெல்லித்தோப்பு_கடைசிவீடு
சார், காசு வேணும்னு சொல்றீங்க, சரி. யார்கிட்ட முதல்ல கேக்குறீங்க? காலையில தண்ணி விட்டதுமே எங்க தெருவுல முன்னாடி இருக்கிற வீடுங்க தண்ணியை உறிஞ்சுற டுல்லு மோட்டாரை லைன்லயே மாட்டிடுவாங்க. அவங்க தரைக்கடித் தொட்டி, அந்த சம்ப், ரொம்புற வரைக்கும் எங்க குழாய் உஸ்ஸுன்னு காத்தைத்தான் ஊதும். அப்புறம் நூலாட்டம் வரும். முதல் குடம் மஞ்சளா கலங்கி வரும், அதைப் பாத்திரம் தேய்க்க ஒதுக்கிடுவேன். ரெண்டாவது குடம் மோந்து பார்ப்பேன். வாடை இல்லைன்னாதான் வேட்டித்துணி கட்டிப் பிடிப்பேன். அதுக்குள்ள நிறுத்திடுவாங்க.

இந்த வீட்டுக்கு மீட்டர் வெச்சா அந்தக் காத்துக்கும் சேர்த்து முள்ளு ஓடும். முதல்ல தண்ணி வரட்டும், அப்புறம் பில் வரட்டும்.

லாஸ்பேட்டை_வாசி
நீங்கள் சொல்வது உண்மைதான் அம்மா. நேரம் வைத்து விடுகிற லைனில் காற்று மீட்டரைச் சுற்றும், அதனால் காற்றை வெளியேற்றுகிற ஏர் வால்வு இல்லாமல் மீட்டர் வைக்கக் கூடாது. உங்கள் முதல் குடம் ஏன் கலங்குகிறது என்பதையும் பாருங்கள். தண்ணீரை நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடுகிறது. மேலே யாராவது மோட்டார் போட்டு இழுத்தால் உள்ளே வெற்றிடமே உண்டாகும். சாக்கடையை ஒட்டிப் போகிற குழாயில் ஒரு ஜாயின்ட் தளர்ந்திருந்தால் போதும், வெளியே நிற்கிற கழிவுநீரை அது உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். நாள் முழுக்க அழுத்தம் இருக்கிற குழாயில் ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியே போகுமே தவிர, அழுக்கு உள்ளே வராது. ஒடிசாவில் பூரி நகரம் 2021இல் குழாயிலேயே பிடித்துக் குடிக்கும்படி 24 மணி நேரமும் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தது. அப்படி ஒரு லைன் போடத்தான் பணம் கேட்கிறேன்.

ஏழைகளிடம் பிடுங்கச் சொல்லவில்லை. டெல்லியில் மாதம் 20,000 லிட்டர் வரை வீடுகளுக்குக் கட்டணம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் மாதம் 6,000 லிட்டரை அடிப்படை அளவாக வைத்து இலவசமாகக் கொடுக்கும் கொள்கை கொண்டுவந்தார்கள். இலவசம் கொடுப்பதற்கும் அளந்தாக வேண்டும். நீங்கள் நாலு குடம் பிடித்தீர்கள், முன்வீட்டுக்காரர் ஒரு சம்ப் பிடித்தார் என்று யார் சொல்வது?

பாகூர்_ஏரிக்கரை
அண்ணே, நகரத்துக்காரங்க எல்லாரும் குழாயைப் பத்தியே பேசுறீங்க. தண்ணி குழாய்லயா பிறக்குது? டவுன் பக்கம் உப்பு ஏறிடுச்சு, பாகூர் பக்கம் போர் போட்டுக் கொண்டுபோகலாம்னு பிரெஞ்சு அரசோட வளர்ச்சி முகமை கடன்ல திட்டம் வந்தப்ப எங்க விவசாயிங்க எதிர்த்தாங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க கட்டணம் கட்டி வாங்குற ஒவ்வொரு லிட்டரும் எங்க நெல்லுக்கு அடியில இருக்கிற தண்ணி. அதுக்கு எங்களுக்கு என்ன கணக்கு?

மிஷன்வீதி_விடுதி
விடுதி நடத்துகிறேன், சிறிய இடம்தான். எங்களைத் தண்ணீர்த் திருடர்கள் மாதிரிப் பேசுவார்கள் என்று தெரியும், அதனால் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் வருவது உப்புத் தண்ணீர். ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் பூத்து ஒரு சீசனில் போய்விடுகிறது. ஷவர் துளைகளை ஊசியால் குத்தி எடுக்கிறோம். அதனால் டேங்கர் வாங்குகிறேன், உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. கருவி வைத்திருக்கிறேன். குழாயில் நல்ல தண்ணீர் வந்தால் நீங்கள் கேட்கிற கட்டணத்தைப் போல மூன்று மடங்கு கொடுக்கத் தயார். இப்போது கொடுக்கிற டேங்கர் காசைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

பாகூர்_ஏரிக்கரை
அந்த டேங்கர் எங்க நிரப்புதுன்னு கேட்டீங்களா சார்? கிராமத்துல ஏதோ ஒரு தோட்டத்துப் போர்லதான். அதுக்கு மீட்டரும் இல்லை, கட்டணமும் இல்லை. நிலத்தடி நீரை முறைப்படுத்த புதுச்சேரிக்குன்னு சட்டமே இருக்கு. ராத்திரியில நிரப்புற லாரிக்கு அந்தச் சட்டம் தெரியுமா? ஆர்.ஓ.வுல ஒரு லிட்டர் எடுக்க ரெண்டு மூணு லிட்டர் சாக்கடைக்குப் போகுதே, அதுவும் எங்க தண்ணிதான்.

மிஷன்வீதி_விடுதி
எங்கள் ஆர்.ஓ. கழிவு நீர் கழிவறைத் தொட்டிக்கும் தரை கழுவவும் போகிறது. எல்லா இடத்திலும் அப்படிச் செய்யக் கட்டாயப்படுத்துங்கள், ஆதரிக்கிறேன். ஆனால் டேங்கரை மட்டும் நிறுத்தினால் நாளைக்கே இந்தத் தெருக்களில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

லாஸ்பேட்டை_வாசி
பாகூர் தம்பி சொல்வதில் பெரிய விஷயம் இருக்கிறது. ஒன்றைச் சேர்க்கிறேன். கடற்கரை நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு உப்பை அது தள்ளி வைத்திருக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறிவரும். நாம் ஒரு கோடையில் உறிஞ்சுகிற ஒரு அடிக்கு இவ்வளவு விலை. உப்பு ஏறிய மணல் அடுக்கு மறுபடி நன்னீராக ஒரு மழைக்காலம் போதாது. அதனால்தான் ஒவ்வொரு லிட்டருக்கும் விலை வேண்டும் என்கிறேன். விலை இல்லாத பொருளை யாரும் மிச்சப்படுத்துவதில்லை.

நெல்லித்தோப்பு_கடைசிவீடு
நாங்க மிச்சம்தான் சார் புடிக்கிறோம். துணி அலசின தண்ணியைத் திண்ணை கழுவ வெச்சிருக்கேன். விலை ஏத்தினா நான் இன்னும் எதைக் குறைக்கணும்? மோட்டார் போடுறவர் கட்டணம் ஏறினா மோட்டாரை நிறுத்திடுவாரா? காசு இருக்கிறவருக்கு விலை ஒரு தடையே இல்லை.

மஞ்சக்குப்பம்
கடலூர்லேருந்து எழுதுறேன். பணம் ஏத்தினா வேலை நடக்கும்னு நம்புறவங்களுக்கு எங்க மாவட்டத்து அனுபவம். வீராணம் ஏரி இங்கதான் இருக்கு. 2004லேருந்து நாளுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோற அளவுக்குச் சென்னைக்குக் குழாய் போட்டாச்சு. இருநூறு கிலோமீட்டருக்கு மேல பைப் போடப் பணம் கிடைச்சுது. நெய்வேலியில நிலக்கரிக்குக் கீழ இருக்கிற அழுத்த நீர் சுரங்கத்தளத்தை உடைச்சுக்கிட்டு மேல வந்துடக் கூடாதுன்னு ராத்திரி பகலா இறைக்கிறாங்க. தண்ணியும் இருக்கு, பணமும் இருக்கு. உள்ளூர்க் கடைசி வீட்டுக்கு எதுன்னு யாரும் கேக்கலை.

அதனால ஒரே கேள்வி. ஏத்துற கட்டணம் எந்தக் கணக்குல போய் விழும்? அரசாங்கத்தோட பொதுக் கஜானாவுல கலந்துட்டா அது சம்பளத்துக்கும் போகும், இலவசத்துக்கும் போகும். தண்ணிக்குன்னு தனிக் கணக்கு, வருஷா வருஷம் எந்தத் தெருவுல எத்தனை மீட்டர் பைப் மாத்தினாங்கன்னு வார்டு வாரியா பலகை. இது ரெண்டும் இல்லாம ஒரு ரூபாய் கூட ஏத்தக் கூடாது. தனியார் கையில கொடுத்துட்டா சரியாகும்னு யாராவது சொல்ல வருவீங்க. கோயம்புத்தூர்ல 2018ல குடிநீர் வினியோகத்தை சூயஸ்ங்கிற பிரெஞ்சு நிறுவனத்துக்கு 26 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தப்ப அங்க ஜனங்க கேட்டதும் இதே கேள்விதான், கட்டணத்தை யார் முடிவு பண்றதுன்னு.

லாஸ்பேட்டை_வாசி
தனிக் கணக்கு, பலகை இரண்டுக்கும் என் முழு ஆதரவு. நான் தனியாரைக் கேட்கவில்லை. ஆனால் "முதலில் எல்லாம் சரியாகட்டும், பிறகு கட்டணம்" என்றால் எதுவும் தொடங்காது. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே மேல்நிலைத் தொட்டியின் வாயில் ஒரு பெரிய மீட்டர், வீட்டில் ஒரு மீட்டர் வேண்டும். இரண்டுக்கும் நடுவே காணாமல் போகிறதுதான் கசிவும் திருட்டும். அந்தக் கணக்கு இல்லாமல் ரோட்டைத் தோண்டினால் தோண்டுகிறவருக்குத்தான் லாபம்.

மிஷன்வீதி_விடுதி
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைப் பற்றி யாரும் பேசவில்லையே? சென்னையில் மீஞ்சூர், நெம்மேலி ஓடுகின்றனவே.

லாஸ்பேட்டை_வாசி
ஓடுகின்றன. ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் குடிக்கும். மிச்சமாகும் அடர் உப்பு நீரை மீனவர்கள் வலை போடுகிற கடலில்தான் விட வேண்டும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம்.

பாகூர்_ஏரிக்கரை
கடலுக்கு ஏன் போகணும்? வானத்துலேருந்து வர்றதை என்ன பண்றோம்? நம்ம பக்கம் வருஷத்துக்கு 1,300 மி.மீ. மழை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில அது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு. ரெண்டு நாள்ல சாத்தனூர் அணையிலேருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தென்பெண்ணையில திறந்தாங்க, எங்க பயிரும் வீடும் முழுகுச்சு. அத்தனையும் கடலுக்குப் போச்சு. அடுத்த கோடையில இதே ஊர் டேங்கருக்கு நிக்குது.

பாகூர் ஏரிக்குத் தண்ணி கொண்டாற சொர்ணாவூர் அணைக்கட்டுலேருந்து பங்காரு வாய்க்கால் இருக்கு. ஊசுடேரிக்கு சங்கராபரணியிலேருந்து சுத்துக்கேணி வாய்க்கால் இருக்கு. புதுச்சேரிப் பகுதியில 84 ஏரின்னு கணக்கு சொல்வாங்க. ஐரோப்பிய ஒன்றியத்துப் பணத்துல அந்த ஏரிங்களைத் தூர்வாரி, ஊருக்கு ஊர் ஏரிச் சங்கமும் வெச்சாங்க. ஏரி ரொம்பினா எங்க போர்ல மட்டம் ஏறும், உங்க போர்லயும் உப்பு பின்வாங்கும். உங்க கட்டணத்துல ஒரு பங்கு வாய்க்காலுக்கு வரணும். குழாய்க்கு மட்டும்னா நான் எதிர்ப்பேன்.

லாஸ்பேட்டை_வாசி
வாய்க்காலுக்குப் பங்கு கொடுத்தால், உங்கள் பக்கத்துப் போர்களுக்கும் மீட்டர் வைக்கச் சம்மதிப்பீர்களா? மின்சாரம் இலவசம் என்பதால் விடிய விடிய ஓடுகிற மோட்டாரும் அதே மணலடுக்கிலிருந்துதான் இழுக்கிறது.

பாகூர்_ஏரிக்கரை
தண்ணி விக்கிற போருக்கு இன்னைக்கே வைங்க, நானே காட்டித் தர்றேன். பயிருக்கு இறைக்கிற போருக்கு வைக்கணும்னா, முதல்ல வாய்க்கால்ல தண்ணி விட்டுட்டு வந்து பேசுங்க. ஏரிப் பாசனம் இருந்த வரைக்கும் எங்க தாத்தாங்க போரே போடலை.

நெல்லித்தோப்பு_கடைசிவீடு
என் நிபந்தனையைச் சொல்லிடுறேன். லைன்ல மாட்டுற மோட்டாரைக் கழட்டுறதுக்குப் புது வரி எதுவும் வேணாம், ஆள் வந்தா போதும். அதைச் செஞ்சுட்டு எங்க தெருக் கடைசியில ஒரு பிரஷர் மீட்டர் வைங்க. லாஸ்பேட்டை சார், தரைத்தள வீட்டுக்கு எவ்வளவு அழுத்தம் இருக்கணும்?

லாஸ்பேட்டை_வாசி
மத்திய அரசின் 1999 குடிநீர்க் கையேட்டின்படி ஒரு தள வீட்டுக்குக் குறைந்தது ஏழு மீட்டர் உயரத்துக்கு ஏறும் அழுத்தம். மாடி இருந்தால் 12 மீட்டர்.

நெல்லித்தோப்பு_கடைசிவீடு
ஏழு மீட்டர் காட்டட்டும். அந்த மாசமே ஏத்தின கட்டணத்தைக் கட்டுறேன், தெருவுல மத்தவங்களையும் கட்டச் சொல்றேன்.

பாகூர்_ஏரிக்கரை
அக்கா, உங்க தெருவுல ஏழு மீட்டர் வரணும்னா இன்னும் நிறைய தண்ணி ஏத்தணும்னு சொல்லி மறுபடி எங்க ஊர்லதான் போர் போட வருவாங்க.

லாஸ்பேட்டை_வாசி
கூடுதல் போர் வேண்டாம் தம்பி, ஒழுகுவதை அடைத்தால் போதும் என்றுதான் மீட்டர் கேட்கிறேன்.

பாகூர்_ஏரிக்கரை
அப்ப அதை எழுத்துல கொடுக்கச் சொல்லுங்க. கட்டணம் ஏத்துற அதே ஆணையில, புது போர் இல்லைன்னு ஒரு வரி.