திகில் குறும்படத்தின்ர தொடக்கம் சுற்றுலாப் படம் மாதிரி வருது, எதை வெட்டுறது?

கீரிமலையான்
14 நிமிஷக் குறும்படம். கனகாலம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வாடகைக்கு வாற குடும்பம், அவ்வளவுதான் கதை. தொடக்கத்தில லோகோ ரெண்டு, பிறகு யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்துக்கு மேலால ட்ரோன் ஷொட், அதில எல்லாற்ற பேரும், பின்னால புல்லாங்குழல். மொத்தம் 1 நிமிஷம் 40 செக்கன். பார்த்த ஆக்கள் திகில் படமெண்டே நம்பேல்லை. தயாரிப்பாளர் கனடாவில, அவரின்ர பேர் முன்னுக்கு வந்தே ஆகவேணும்.

வெட்டொட்டு
840 செக்கனில 100 செக்கன், கிட்டத்தட்ட எட்டில ஒரு பங்கு. ஆனா நீளம் ரெண்டாவது பிரச்சினைதான். ட்ரோன் பார்க்கிறவையை ஆகாயத்தில வைக்குது, உங்கட கதை பூட்டின அறைக்குள்ள நடக்குது. ஊரை முதல் காட்டினால் ஊரைப் பற்றின படமெண்டுதான் நினைப்பினம். (பனையும் கடலும் இல்லாமல் யாழ்ப்பாணத்தில படம் துவங்கக்கூடாதெண்டு சட்டம் ஒண்டுமில்லை.)

ட்ரோன் ஷொட்டை வெட்டிவிடுங்கோ. லோகோ 3 செக்கனுக்கு மேல வேண்டாம். தயாரிப்பாளரின்ர பேருக்குத் தனிக் கார்ட் (பேர் மட்டும் வாற திரை) ஒண்டு, படத்தின்ர பேர் ஒண்டு, மிச்சம் கடைசிக்கு. ஒரு பேரை ஆறுதலா ரெண்டு தரம் வாசிக்கிற நேரம் திரையில நிக்கட்டும். செக்கனுக்கு 25 பிரேமில எடுத்திருந்தால் 75 பிரேம் தாராளம்.

முதல் ஷொட் ஒரு பொருளில இருக்கட்டும். துருப்பிடிச்ச ஆமைப்பூட்டு, திறப்பு பாதியில சிக்குது. 8 செக்கன் வெட்டாமல் விடுங்கோ. படத்தின்ர வேகம் பார்க்கிறவைக்கு அதிலதான் பிடிபடும். துவக்கத்தில 2 செக்கனுக்கு ஒரு வெட்டு வைச்சுப் பழக்கினால், பிறகு வாற மெதுவான காட்சியெல்லாம் இழுவையாத் தெரியும்.

காவோலை
வெட்டொட்டு அண்ணை சொல்லுறது சரி, ஆனா பேர் போடுறது எப்பவும் தடையில்லை. 'சைக்கோ' (1960) படத்தில சோல் பாஸ் செய்த டைட்டிலில வெறும் கோடுகள்தான் குறுக்கும் நெடுக்கும் ஓடும், பேர்ணார்ட் ஹேர்மனின்ர இசை முழுக்கத் தந்தி வாத்தியம். கொலை வர முக்கால் மணித்தியாலம் ஆகும். அதுவரைக்கும் சாதாரணமாப் போற காட்சிகளையும் பதற்றத்தோட பார்க்க வைக்கிறது அந்த டைட்டில்தான்.

எதிர்மாறான உதாரணமும் இருக்கு. 'டச் ஒஃப் ஈவில்' (1958) முதல் ஷொட் மூண்டு நிமிஷத்துக்கு மேல வெட்டில்லாமல் ஓடும், காருக்குள்ள குண்டு. ஸ்டூடியோ அதுக்கு மேல பேரையும் இசையையும் போட்டுது. இயக்குநர் ஓர்சன் வெல்ஸின்ர குறிப்பின்படி 1998இல திருத்தின பதிப்பில ரெண்டையும் எடுத்துப்போட்டு, தெருவில கேக்கிற பாட்டுகளை மட்டும் விட்டினம். கண் இப்ப எழுத்துக்குப் போகாமல் காரோடையே போகும். உங்கட பூட்டு ஷொட்டுக்கு மேலயும் பேர் போடாதேங்கோ, கறுப்பில போடுங்கோ.

புல்லாங்குழலுக்குப் பதிலா, கறுப்புத் திரையில 3 செக்கன் சத்தம் மட்டும் விடுங்கோ. காய்ஞ்ச காவோலை காத்தில உரசுற சரசரப்பு, பிறகு சட்டெண்டு நிண்டிடவேணும். அந்த நிறுத்தத்திலதான் படம் வரவேணும். 60, 80 ஹேர்ட்ஸில 'உம்' எண்டு ஒரு அடித்தொனிச் சத்தத்தை மட்டும் நம்பாதேங்கோ, போன் ஸ்பீக்கரில அது கேக்காது. அதின்ர மேல்சுரங்களும், 300 ஹேர்ட்ஸுக்கு மேல, கலந்திருக்க வேணும்.

கீரிமலையான்
நன்றி. படத்தின்ர பேரை எழுத்தெழுத்தா வர வைச்சால் கொம்பும் காலும் கழண்டு வருது. 'கொ' முதல் கொம்பாத் தெரிஞ்சு, பிறகுதான் 'க' வருது. ஏன்?

எழுத்தாணி
பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சிருப்பியள். அதில கொம்பு, 'க', கால் மூண்டும் தனித்தனி எழுத்து, மென்பொருள் ஒவ்வொண்டாத்தான் காட்டும். எழுத்துரு இல்லாத கணினியில திறந்தால் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாவும் மாறிடும். யூனிகோட்டில திருப்பி அடியுங்கோ. வெட்டுற மென்பொருள் பிரீமியர் எண்டால் பிரிஃபரன்சஸில கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' ஆக்கிப்போட்டு, புது லேயரில அடிக்கவேணும். பிறகும் கழண்டால் எழுத்தெழுத்தா அசைக்கிறதை விட்டிட்டு சொல்லுச் சொல்லா அசையுங்கோ.

மெல்லிய கோட்டு எழுத்துரு கறுப்பில வடிவுதான், ஆனா யூடியூப் சுருக்கேக்க புள்ளியும் சுழியும் கரைஞ்சு போகும். ஒரு படி தடிப்பாப் போட்டு, தூய வெள்ளைக்குப் பதிலா 85 வீத வெளிச்சம் வைச்சு, சின்னப் போனில ஒருக்கா பாருங்கோ.