ஜெனரல் கேஜின் மனைவி மார்கரெட் உண்மையிலேயே உளவு சொன்னாரா?

கேள்வி:
எங்கள் வாசகர் வட்டத்தில் அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கம் பற்றிப் பேச இருக்கிறேன். 1775 ஏப்ரல் 18 இரவு, பாஸ்டனுக்கு அருகிலுள்ள கான்கார்டு என்ற ஊரில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த குடியேறிகள் சேர்த்து வைத்திருந்த ஆயுதங்களை அழிக்க, பாஸ்டனிலிருந்து பிரிட்டிஷ் படை இரகசியமாகப் புறப்பட்டது. ஆனால் படைக்கு முன்பாகவே செய்தி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரகசியத்தை வெளியிட்டவர் பிரிட்டிஷ் தளபதி தாமஸ் கேஜின் மனைவி மார்கரெட் என்றும், அதை அறிந்த கணவர் அவரை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிட்டார் என்றும் பல இடங்களில் அடித்துச் சொல்கிறார்கள். மார்கரெட் நியூ ஜெர்சிக்காரர். 1758இல் கேஜை மணந்தவர். இந்தக் குற்றச்சாட்டுக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது?

பதில் 1:
சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அன்றிரவு கேஜிடம் பேசிவிட்டு இருப்பிடம் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படை அதிகாரி பெர்சி பிரபு, பாஸ்டன் பொதுத்திடலில் சிலர் கூடி நிற்பதைக் கண்டு அருகில் சென்றார். படை கிளம்பிவிட்டது, ஆனால் நினைத்தது நடக்காது என்று ஒருவர் சொல்ல, நினைத்தது எது என்று பெர்சி கேட்க, கான்கார்டில் இருக்கும் பீரங்கிகள் என்று பதில் வந்தது. அவர் விரைந்து திரும்பி இதைத் தெரிவித்தபோது, தங்களைத் தவிர ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன் என்று கேஜ் கலங்கியதாக, பிரிட்டிஷ் தரப்பில் பணியாற்றிய சார்லஸ் ஸ்டெட்மன் எழுதியிருக்கிறார். அக்காலத்துப் பாதிரியார் வில்லியம் கார்டனும், அரசியலில் கணவரோடு ஒத்துப்போகாத ஒரு பெண், குடியேறிகளின் தலைவர்களில் ஒருவரான சாமுவேல் ஆடம்ஸுக்கு எச்சரிக்கை அனுப்பியதைக் குறிப்பிடுகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் மார்கரெட்டின் பெயர் மனத்தில் எழுவது இயல்பே.

பதில் 2:
அந்த இரண்டு குறிப்புகளையும் நான் மறுக்கவில்லை. அவை மார்கரெட்டைச் சுட்டவில்லை என்பதே என் வாதம். ஸ்டெட்மனின் நூல் 1794இல், அதாவது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து வந்தது. அந்த ஒருவர் யார் என்று அதில் இல்லை. கார்டன் சொல்லும் பெண்ணோ, சில நாட்களில் படை வரும் என்றுதான் சொல்லியனுப்பினார். கணவர் அரசர் பக்கமும் மனைவி எதிர்ப்பக்கமுமாகப் பிரிந்து நின்ற குடும்பங்கள் அன்றைய பாஸ்டனில் வேறு இல்லாமலா போயின?

ஒரு பெண்ணின் துணை இல்லாமலே இரகசியம் கசிந்ததற்கு, குடியேறிகளுக்குச் செய்தி கொண்டுசென்ற பால் ரெவியரின் கடிதமே சான்று. பிரிட்டிஷ் படையின் தேர்ந்த வீரர்களான கிரெனேடியர்களும் இலகு காலாட்படையினரும் வழக்கமான பணியிலிருந்து விடுவிக்கப்பட்டதையும், கப்பல்களின் படகுகள் நீரில் இறக்கப்பட்டுப் போர்க்கப்பல்களின் பின்புறம் கட்டப்பட்டதையும், படை புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பே நகரத்தார் கண்டுவிட்டார்கள். ஏப்ரல் 16 அன்றே ரெவியர் கான்கார்டுக்குப் போகும் வழியிலுள்ள லெக்சிங்டன் சென்று வந்து, படை புறப்படுவதை அறிவிக்கத் தேவாலயக் கோபுரத்தில் விளக்கு காட்டும் ஏற்பாட்டையும் செய்து முடித்துவிட்டார்.

கப்பலேற்றிய கதைக்கும் எளிய விளக்கம் உண்டு. ஜூன் 17 அன்று பங்கர் ஹில் சண்டையில் பிரிட்டிஷ் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் போன பிறகு, முற்றுகையில் சிக்கிய நகரத்திலிருந்து எந்தக் கணவரும் மனைவியை அனுப்பத்தான் பார்த்திருப்பார். காயமுற்ற வீரர்கள் சென்ற கப்பலில்தான் மார்கரெட்டும் சென்றார்; அக்டோபரில் கேஜும் பின்தொடர்ந்தார். அதன் பிறகு, 1777 அக்டோபரில், அவர்களுக்கு வில்லியம் ஹால் கேஜ் என்ற மகன் பிறந்தார். பிற்காலத்தில் கடற்படை அட்மிரல் ஆனவர் அவர்தான். வெறுத்து விலக்கப்பட்ட மனைவி என்ற பேச்சு இங்கே நிற்கவில்லை.

மார்கரெட்டுடன் பிறந்த அண்ணன் தம்பிகள், கேஜின் தலைமையகத்தில் துணை அட்ஜுடன்ட் ஜெனரலாக (படை நிர்வாக அதிகாரியாக) இருந்த ஸ்டீபன் கெம்பிள் உட்பட, கேஜுக்கு மிக நெருக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் மீது விழாத பழி சகோதரி மீது மட்டும் விழுந்தது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் மார்கரெட்டின் மனம் இரண்டுபட்டிருந்தது என்பதும் கற்பனையா?

பதில் 3:
அதைக் கற்பனை என்று தள்ள வேண்டாம். தம் நாட்டு மக்களின் உயிரைப் பலிகொடுக்கும் கருவியாகத் தம் கணவர் ஆகிவிடக்கூடாது என்று மார்கரெட் ஒருவரிடம் சொன்னதாகக் கூறப்படுகிறது. அந்தக் கலக்கம் வேறு, கணவரின் மேசையிலிருந்து இரகசியத்தை எடுத்துக் கொடுப்பது வேறு. அன்றிரவு ரெவியரை அனுப்பிய குடியேறிகளின் தலைவர் ஜோசப் வாரன், தமக்குத் தகவல் தந்தவர் யார் என்று சொல்லாமலே பங்கர் ஹில்லில் மடிந்தார். எனவே உங்கள் பேச்சில் மார்கரெட்டை உளவாளி என்று அறிமுகப்படுத்தாதீர்கள்; சந்தேகிக்கப்பட்டவர் என்று சொல்லுங்கள், 1777இல் பிறந்த மகனையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.