கிளை நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு, மாதாந்திர நிகழ்ச்சி: எப்படித் தொடங்குவது?

பள்ளத்தூர்ப் பக்கம் கேட்டது:

வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்திலிருந்து எழுதுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நூலகத்திலேயே வகுப்பு தொடங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். பதினைந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள்தான். கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் இருப்பவர்கள். வயது முப்பத்தைந்து முதல் அறுபத்தைந்து வரை.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், எந்த நேரம் ஒத்துவரும், அரிச்சுவடியை வைத்து அ, ஆ என்றே தொடங்கலாமா, முடித்தால் சான்றிதழ் உண்டா? இதோடு மாதம் ஒரு நிகழ்ச்சியும் நடத்த ஆசை. இப்போது கூட்டம் போட்டால் ஓய்வுபெற்ற அதே பத்துப் பேர்தான் வருகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூலடுக்கு:

முதலில் எந்த மாவட்டம் என்று பாருங்கள். செட்டிநாடு என்று ஒரே பெயரில் சொன்னாலும் சில ஊர்கள் சிவகங்கையிலும் சில புதுக்கோட்டையிலும் கிடக்கின்றன. நூலக நிர்வாகம் மாவட்ட நூலக ஆணைக்குழு வாரியாக நடக்கிறது. உங்கள் ஊர் சிவகங்கை மாவட்டம் என்றால் கடிதம் அங்குள்ள மாவட்ட நூலக அலுவலருக்குப் போக வேண்டும். நேராக அனுப்பாமல் உங்கள் நூலகர் மூலமாகவே அனுப்புங்கள். அவரைத் தாண்டிப் போனால் நாளைக்குச் சாவி வாங்குவதே சிரமமாகிவிடும்.

கடிதத்தில் கிழமைகள், நேரம், எத்தனை பேர், யார் பொறுப்பு, வேலை நேரத்துக்கு வெளியே திறந்தால் பூட்டுவது யார், கட்சி சார்ந்த கூட்டம் நடக்காது என்ற உறுதி, இவ்வளவும் இருக்கட்டும். ‘சமூகப் பணிக்கு இடம் தர வேண்டுகிறோம்’ என்று பொதுவாக எழுதினால், விளக்கம் கேட்டு அது அப்படியே திரும்பி வரும்.

பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. மதியம் இடைவேளை விட்டு மாலையில் மறுபடி திறப்பார்கள். ஒரே ஒரு ஆள் பார்க்கும் நூலகத்தில் அந்த இடைவேளைதான் அவருக்குச் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் வகுப்பு வேண்டுமென்றால் வாசகர் வட்டத்தில் ஒருவர் எழுத்து மூலமாகப் பொறுப்பேற்க வேண்டும்.

இடம் பற்றி ஒன்று. நூலகத்தில் இடம் போதவில்லை என்றால் யாராவது ஒரு நகரத்தார் வீட்டு முகப்பையோ பட்டாலை எனும் கூடத்தையோ நல்ல மனதோடு தர முன்வருவார்கள். அதை ஏற்குமுன் நன்றாக யோசியுங்கள். அந்த வீட்டுப் படியேறத் தயங்குகிறவர்கள் உங்கள் பட்டியலிலேயே இருப்பார்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், வராமல் நின்றுவிடுவார்கள். நூலகமோ அரசுப் பள்ளியோ என்றால் யாரும் உரிமையோடு நுழையலாம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி ஊரார் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. அந்தக் கட்டடம் அவர்களுடையதுதான் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். அன்றைக்கே எல்லோரையும் உறுப்பினராகச் சேர்த்து அட்டை கொடுத்துவிடுங்கள். ‘படிக்கக் கற்ற பிறகு சேர்க்கலாம்’ என்று தள்ளிப்போட வேண்டாம்.

அகரத் திண்ணை:

நூலடுக்கு ஐயா இடத்தைச் சொல்லிவிட்டார். பாடம் பற்றி நான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

பாடத்துக்கும் முன்னால் கண். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும். அது தெரியாமல் ‘எனக்கு மண்டையில ஏறல’ என்று மூன்றாம் நாளே நின்றுவிடுவார்கள். எழுத்துத் தெரியாதவருக்கு எழுத்து அட்டையைக் காட்டிச் சோதிக்க முடியாது. பகல் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லுங்கள், அல்லது தட்டில் அரிசியைக் கொடுத்துக் கல் பொறுக்கச் சொல்லுங்கள். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் கண்ணாடி தேவைப்படுகிறது என்று அர்த்தம். வகுப்பு தொடங்கும் முன் அரசு மருத்துவமனையில் ஒரு கண் பரிசோதனைக்கு எல்லோரையும் ஒன்றாக அழைத்துப் போய்விடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வெறும் கடைக் கண்ணாடி வாங்கிக் கொடுத்து முடித்துவிடக் கூடாது, விழித்திரையையும் பார்க்க வேண்டும். பாடத்தாள் அச்சடித்தால் எழுத்து 24 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். விளக்கு இடது தோள் பக்கமிருந்து விழட்டும். வலது பக்கம் என்றால் எழுதும் கையின் நிழலே எழுத்தை மறைக்கும்.

அரிச்சுவடி வரிசை வேண்டாம். அ, ஆ, இ எல்லாம் வளைந்து சுழிகிற எழுத்துகள். கரண்டியும் கொத்துக் கரண்டியும் பிடித்துப் பழகிய கைக்கு முதல் வாரமே இவற்றைக் கொடுத்தால் பென்சில் முனைதான் உடையும். ட, ப, ம என்று கோடும் மூலையுமாக இருக்கும் எழுத்துகளில் தொடங்குங்கள். புள்ளியையும் அன்றைக்கே சொல்லிக்கொடுத்தால் படம், மடம், பட்டம் என்று முதல் நாளே முழுச் சொல் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். துணைக்கால் சேர்ந்ததும் பட்டா, பாடம், மாடம். பிறகு க, ர, ல, வ.

அடுத்த படி பேருந்துப் பலகை. ‘காரைக்குடி’ என்ற ஒரே பெயரில் துணைக்கால், ஐகாரம், புள்ளி, உகரம், இகரம் ஐந்தும் இருக்கின்றன. தினமும் பார்க்கிற பெயர் என்பதால் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ‘தேவகோட்டை’யில்தான் தடுமாற்றம் வரும். கோ-வின் குறி எழுத்துக்கு இருபுறமும் உட்காருவதால் ‘கே’ என்று வாசித்துவிட்டு, மிச்சமுள்ள காலை என்ன செய்வது என்று முழிப்பார்கள். ரகரமும் துணைக்காலும் அடியில் ஒரு சின்னக் கோட்டில்தான் வேறுபடுகின்றன, சில பலகைகளில் அந்தக் கோடும் இருக்காது. அதனால் கோ, போ, தோ மூன்றையும் ஒரு நாள் முழுக்கத் தனியாக எடுங்கள்.

உகரத்தை எல்லோரும் ஒரே பாடமாக முடிக்கப் பார்ப்பார்கள், அது முடியவே முடியாது. பதினெட்டு எழுத்தும் மூன்று விதமாகப் பிரியும். ஙு, சு, பு, யு, வு ஐந்தும் கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் வளைந்து சுழியும். ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் கீழே போய் மேலேறிக் காலோடு முடியும். ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் என்று பிரித்து, கு, டு, மு கூட்டத்தில் தொடங்குங்கள். ஙு, ஞு இரண்டையும் விட்டுவிடலாம், நடைமுறையில் வராது.

பெயரெழுத ஆசைப்படுவார்கள். வரிசையைப் பார்க்காமல் முதல் வாரமே அவரவர் பெயரை எழுதிக் கொடுத்து, மேலே வைத்து இழுக்கச் சொல்லுங்கள். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. வங்கிக் கணக்கில் கைநாட்டு இருக்கும்போது திடீரென்று பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையெழுத்து ஒரே மாதிரி நிலைத்த பிறகு, பாஸ்புக், ஆதாரோடு கிளைக்குப் போய் மாதிரிக் கையெழுத்தை மாற்றித் தர விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதுவரை கைநாட்டே. ஆசையாகப் போட்ட முதல் கையெழுத்தைக் கவுன்டரில் தள்ளிவிட்டால் அந்த அவமானத்திலேயே வகுப்பை விட்டுவிடுவார்கள்.

கணக்கில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். மனக்கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அதை எழுத்தில் இறக்கினால் போதும். நூறு சதுர அடித் தளத்துக்குப் பத்தங்குலக் கல் 144 வேண்டும், பன்னிரண்டு அங்குலம் என்றால் 100, எட்டங்குலம் என்றால் 225. பட்டறைக்காரர்கள் இதை வாயிலேயே சொல்வார்கள். ஏன் அப்படி வருகிறது என்று பலகையில் போட்டுக் காட்டினால் பெருக்கலும் வகுத்தலும் ஒரே நாளில் விளங்கும். சமையல் கூட்டத்துக்கு இலைக் கணக்கு.

சிலேட்டு வேண்டாம். சின்னப்பிள்ளைப் பொருள் என்று கூச்சப்படுவார்கள். அகலக் கோடு போட்ட நோட்டு ஆளுக்கு இரண்டு, மிருதுவான பென்சில், ஒரு வெள்ளைப் பலகை போதும். வயதில் மூத்தவர்களை வருகைப் பதிவில்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். ஆச்சி, அக்கா, அப்பத்தா, அவரவர் வீட்டு வழக்கப்படி.

பள்ளத்தூர்ப் பக்கம்:

ரொம்ப நன்றி. கண் விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. நேரமும் சான்றிதழும்? ஐந்தாவதோடு நின்ற இரண்டு பேர் மேலே தேர்வெழுதவும் கேட்கிறார்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

நேரத்தை வேலையை வைத்துப் பிரியுங்கள். சமையலுக்குப் போகிறவர்கள் விடிகாலை நாலு மணிக்கே அடுப்படியில் நிற்பார்கள். அவர்களுக்கு மதியம் இரண்டரை முதல் நாலு. சித்தாள், பட்டறை ஆட்களுக்கு மாலை ஆறரை முதல் எட்டு. இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கினால் ஒன்று கரைந்துவிடும். தொடங்குவதற்கு ஆடி மாதமே நல்லது. முகூர்த்தம் இல்லை, சமையல் கூட்டம் ஊரில் இருக்கும். ஆவணி பிறந்தால் வெளியூர்ப் பந்திக்குப் போய்விடுவார்கள். அதற்குள் புள்ளியும் துணைக்காலும் கையில் ஏறியிருந்தால், திரும்பி வந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம். தையில் தொடங்காதீர்கள், பொங்கலும் கல்யாணமும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போகும்.

சான்றிதழுக்கு 2022 முதல் நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் நடத்துகிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, தன்னார்வலர் மூலம், 200 மணி நேரப் பாடம். தினம் ஒன்றரை மணி, வாரம் ஐந்து நாள் என்றால் 27 வாரம் ஆகும். திருவிழா, மழை எல்லாம் சேர்த்து எட்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு மூன்றுக்கும் 50 வீதம் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. வகுப்பு தொடங்கும் முன்பே வட்டார வள மையத்தில் பெயர்களைப் பதிந்துவிடுங்கள். தனியாக நடத்தி முடித்துவிட்டுக் கடைசியில் போய் நின்றால் தேர்வுப் பட்டியலில் பெயர் இருக்காது.

ஆசிரியருக்கு ஆள் வேண்டுமென்றால் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, வாழ்நாள் கற்றல் துறையும் உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் ஆர்வமாக வருவார்கள், ஆனால் பருவத் தேர்வு நேரத்தில் வர முடியாது. எட்டுப் பேருக்கு ஒருவர் என்று வைத்து, அதில் ஒருவராவது உள்ளூரில் குடியிருக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். வராதவர் வீட்டுக்குப் போய், ‘ஏன்க்கா நேத்துக் காணோம்?’ என்று கேட்க அவரால்தான் முடியும்.

ஐந்தாவதோடு நின்றவர்கள் தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு எழுதலாம். ஆங்கிலத் தாளும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதில் தேறி அடுத்துப் பத்தாம் வகுப்புக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது, அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியே பதிவு செய்ய வேண்டும் என்பது. அந்தத் தேதியைத் தவறவிட்டுவிட்டு, தேர்வுக் கட்டணம் மட்டும் கட்டப் போய்த் திரும்புகிறவர்கள் அதிகம்.

கண்மாய்க்கரை:

நிகழ்ச்சிக்கு ஏன் அதே பத்துப் பேர் வருகிறார்கள் என்றால், தலைப்பு அவர்களுக்கானது. காரைக்குடியில் 1939 முதல் கம்பன் கழகம் இருக்கிறது, இலக்கிய மேடைக்கு இங்கே பஞ்சமில்லை. நூலகம் வேறு ஒன்றைச் செய்ய வேண்டும். வந்தவர் ஒரு வேலையை முடித்துக்கொண்டு போக வேண்டும்.

உதாரணத்துக்கு, தகவல் உரிமை மனு எழுதும் மாலை. சட்டம் 2005இல் வந்தது, கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பேச்சுப் பதினைந்து நிமிடம் போதும், மீதி நேரம் அவரவர் மனுவை அங்கேயே எழுத வேண்டும். ‘ஏன் சாலை போடவில்லை’ என்று காரணம் கேட்கும் மனு வீணாகிவிடும். ‘இந்தச் சாலைக்கு எந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, பணி ஆணையின் நகல் தருக’ என்று ஆவணம் கேட்கச் சொல்லுங்கள். இதைக் கிராம சபைக்கு முந்தின வாரம் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம் இருக்கிறது.

இன்னொன்று செல்பேசிப் பணம். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடத் தேவையே இல்லை என்ற ஒரே விஷயத்தை ஆளாளுக்கு நடத்திக் காட்டினால் பாதி மோசடி நின்றுவிடும். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள்.

நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம். அதில் ஒரு நாளை எழுத்தறிவு வகுப்புக்காரர்களிடம் விட்டுவிடுங்கள். மேடையேற்றிப் பாராட்டுவதைவிட, அவர்களே நாளிதழ்த் தலைப்பை வாசிக்கட்டும். தினத்தந்தித் தலைப்பு எளிய தமிழில், பெரிய எழுத்தில் இருப்பதால் புதிதாகப் படிப்பவர்களுக்குத் தோதாக இருக்கும்.

வகுப்பு முடிந்த பிறகுதான் பெரிய ஆபத்து. ஆறு மாதம் எதையும் வாசிக்காவிட்டால் கற்றது மறந்துபோகும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் அலை அவ்வளவு பெரிதாக எழுந்தது, பெண்கள் ஊர் ஊராகச் சைக்கிள் கற்றார்கள். அந்த வேகம் இருந்த இடத்திலும் தொடர்ந்து வாசிக்கக் கையில் ஏதாவது இருந்தால்தான் எழுத்து தங்கும். அதனால் வாசலுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு தட்டைத் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள். 32 பக்கத்துக்கு மேற்படாத புத்தகங்கள், பெரிய எழுத்து, பெரியவர்களுக்கான விஷயம்: வைத்தியம், சமையல், ஊர்க் கோயில் வரலாறு, சட்டம். சிறுவர் நூல் என்று முத்திரை குத்தியிருந்தால் எடுக்க மாட்டார்கள், அட்டைக்கு வேறு தாள் போட்டுவிடுங்கள்.

பள்ளத்தூர்ப் பக்கம்:

அனைவருக்கும் நன்றி. அனுமதிக் கடிதத்தை இந்த வாரமே நூலகரிடம் கொடுக்கிறோம். ஒரே ஒரு கேள்வி, மாலை வகுப்பில் சத்தமாக வாசிக்கும்போது போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இடைஞ்சலாகாதா?

நூலடுக்கு:

ஆகும். சத்த வாசிப்பை முதல் இருபது நிமிடத்தோடு நிறுத்தி, அதையும் வராந்தாவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து வேலைக்கு மட்டும் உள்ளே வரட்டும். மழைக்காலத்தில் வராந்தா உதவாது, ஐப்பசி, கார்த்திகைக்குப் பக்கத்துப் பள்ளியில் ஒரு அறையை இப்போதே தலைமையாசிரியரிடம் கேட்டு வையுங்கள்.