உதவி: இனுயாஷா 167ஆம் பகுதியோடு நின்றுவிட்டதா?

கிணற்றடி:
வணக்கம். இனுயாஷா அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) 167 பகுதியும் ஆங்கில டப்பிங்கில் பார்த்தாகிவிட்டது. ஆனால் கதை முடிந்த மாதிரியே தெரியவில்லை. வில்லன் நராகு உயிரோடு திரிகிறான், சிறுவன் கோஹாகு அவன் பிடியிலிருந்து மீளவில்லை, துறவி மிரோகுவின் கைச் சாபமும் தீரவில்லை. எனக்குக் கிடைத்ததில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா? நராகு செத்ததை ஒரு படத்தில் பார்த்தேன் என்று தம்பி வேறு அடித்துச் சொல்கிறான். படங்களைப் பார்த்தால்தான் முடிவு தெரியுமா?

மங்காப்பித்தன்:
எதுவும் விடுபடவில்லை. 2000 அக்டோபரில் தொடங்கிய தொடர் 2004 செப்டம்பரில் அங்கேயேதான் நின்றது. ரூமிகோ தகாஹாஷி அப்போது மூலக் கதையான மங்காவை (ஜப்பானிய காமிக்ஸ்) வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தார். அனிமே ஓடிவந்து அவர் முதுகில் முட்டிக்கொண்டது. மங்கா முடிந்தது 2008இல். மீதிக் கதையை, பழைய தொடரை எடுத்த சன்ரைஸ் நிறுவனமே 2009 அக்டோபரில் 'தி ஃபைனல் ஆக்ட்' என்று 26 பகுதிகளாக எடுத்தது. பல தளங்களில் இது தனித் தொடராக இருக்கும், அந்தப் பெயரில் தேடுங்கள். டப்பிங்கில் நாயகி ககோமேயின் குரல் மாறியிருக்கும், பயந்துவிடாதீர்கள்.

படங்கள் நான்கு, நான்குமே மங்காவில் இல்லாத தனிக் கதைகள். உங்கள் தம்பி பார்த்தது இரண்டாவது படமாக இருக்கும். அதில் நராகு சாவது அவன் போடும் நாடகம். படத்தை முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரவுக்காகம்:
ஃபைனல் ஆக்டுக்கு நேராகப் போகாதீர்கள் என்பேன். கணக்கைப் பாருங்கள்: மங்காவின் முதல் 36 தொகுதிகளுக்கு 167 பகுதி எடுத்துக்கொண்டார்கள், மிச்சம் இருபது தொகுதிகளை 26 பகுதிகளில் அடைத்துவிட்டார்கள். சண்டை தொடங்கியது தெரியும், அதற்குள் முடிந்திருக்கும். நிறுத்தி நிதானமாக அழ வேண்டிய ஒரு மரணம் இரண்டாம் பகுதியிலேயே வந்துவிடுகிறது. யார் என்று சொல்ல மாட்டேன். 36ஆம் தொகுதியில் தொடங்கி மங்காவைப் படியுங்கள், அப்புறம் அனிமே பாருங்கள்.

மங்காப்பித்தன்:
அந்த இரண்டாம் பகுதிதான் மொத்தத் தொடரிலும் எனக்குப் பிடித்தது ஐயா! வேகம் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய தொடரில் நராகு தப்பிப்பதையே எத்தனை தடவை பார்த்தோம்? நான்கு வருடம் இழுத்ததற்கு இந்த ஓட்டம் எவ்வளவோ மேல்.

கிணற்றடி:
நன்றி இருவருக்கும். மங்காவையே எடுக்கிறேன். பழைய ஆங்கிலத் தொகுதி ஒன்று கைவசம் இருக்கிறது, ஆனால் அதில் மிரோகு இடது கையில் அல்லவா ஜபமாலை சுற்றியிருக்கிறான்? அனிமேயில் வலது கை. அச்சுப் பிழையா?

இரவுக்காகம்:
பிழை இல்லை. ஜப்பானிய மங்கா வலமிருந்து இடமாகப் போகும். அமெரிக்க வாசகர்களுக்காக அந்தக் காலத்தில் பக்கங்களைக் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பி அச்சிட்டார்கள், அதனால் எல்லோரும் இடக்கைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மூன்று தொகுதிகளை ஒன்றாகக் கட்டிய விஸ்பிக் (VIZBIG) என்ற ஆங்கிலப் பதிப்பு கிடைத்தால் வாங்குங்கள், அதில் படங்கள் மூலத்தில் உள்ளபடியே இருக்கும். 36ஆம் தொகுதி அதன் 12ஆம் புத்தகத்தில் கடைசியாக வரும்.

கிணற்றடி:
சரி, கிடைத்தது. 2020இல் வந்த யாஷாஹிமே என்ற அனிமேயும் மங்காவின் தொடர்ச்சியா?

மங்காப்பித்தன்:
இல்லை. அது அனிமேக்கென்றே எழுதிய கதை. தகாஹாஷி முக்கியப் பாத்திரங்களின் உருவங்களை மட்டும் வரைந்து கொடுத்தார். அடுத்த தலைமுறையைப் பற்றியது என்பதால் யாருக்கு யார் ஜோடி என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். 56ஆம் தொகுதியை மூடும்வரை அதன் விளம்பரப் படத்தைக்கூடப் பார்க்காதீர்கள்.